கார் கூரையில் கயாக்: ஸ்ட்ராப் மட்டும் போதுமா, மூக்குக் கயிறும் வேண்டுமா?

அலைவாய் கேட்டது:

வணக்கம். கார் சிறிய ஹேட்ச்பேக். கூரையில் இரண்டு குறுக்குக் கம்பிகள் மாட்டியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவே 68 செ.மீ. இடைவெளி. கையேட்டில் கூரைச் சுமை வரம்பு 60 கிலோ என்று போட்டிருக்கிறது. ஏற்ற வேண்டியவை இரண்டு: 4.3 மீட்டர் பாலிஎத்திலீன் கயாக் (மேல்தளம் மூடி, நடுவில் உட்காரும் குழி உள்ள துடுப்புப் படகு), 25 கிலோ. 4.9 மீட்டர் கனூ (மேல்பக்கம் முழுக்கத் திறந்த துடுப்புப் படகு), 32 கிலோ. பயணம் 250 கி.மீ., பெரும்பகுதி நெடுஞ்சாலை.

என் சந்தேகங்கள் இவை. இரண்டையும் ஒன்றாக ஏற்றலாமா? ராட்செட் ஸ்ட்ராப் நல்லதா, சாதாரண பக்கிள் ஸ்ட்ராப் நல்லதா? கயாக்கை நிமிர்த்தி வைப்பதா, கவிழ்ப்பதா, பக்கவாட்டில் நிறுத்துவதா? முன்மூக்கையும் பின்நுனியையும் கயிறு போட்டுக் கட்டச் சொல்கிறார்கள், ஆனால் பம்பர் முழுக்க பிளாஸ்டிக். கயிற்றை எதில் கட்டுவது? ஸ்ட்ராப் இறுக்கமாக இருந்தால் அந்தக் கயிறு உண்மையிலேயே தேவையா?

துடுப்புக்கட்டை எழுதியது:

முதலில் எடைக் கணக்கு. கையேட்டில் உள்ள 60 கிலோ படகுக்கு மட்டுமான எண் அல்ல. குறுக்குக் கம்பி, அதன் கால்கள், படகு உட்காரும் தாங்கி, ஸ்ட்ராப் எல்லாம் அதற்குள் அடக்கம். கம்பிகள் 5 கிலோ, ஒரு ஜோடி தாங்கி 4 கிலோ என்று வைத்தாலும் 25 + 32 + 9 = 66. வரம்பு தாண்டிவிட்டது. எடை ஒத்துவந்தாலும் அகலம் ஒத்துவராது: கனூ கிட்டத்தட்ட 90 செ.மீ. எடுத்துக்கொள்ளும், சிறிய காரின் கம்பியில் மிச்சம் இருக்கும் இடத்தில் கயாக் நிற்காது. ஒரு பயணத்துக்கு ஒரு படகு. கம்பிகளுக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. காரின் வரம்பு, கம்பியின் வரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

படகைத் தொடுமுன் கம்பியைச் சோதியுங்கள். கம்பியின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கார் முழுவதும் ஸ்பிரிங்கில் ஆட வேண்டும். கார் நிற்க, கம்பி மட்டும் நகர்ந்தால் கால் சரியாகப் பிடிக்கவில்லை. கால் உட்காரும் இடத்தில் மணலோ தூசியோ இருந்தாலே பிடிப்பு குறையும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். கம்பியோடு வந்த முறுக்குச் சாவியில் எந்த அளவு குறித்திருக்கிறதோ அந்த அளவுக்கு இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் கூரை விளிம்புத் தகடு மடங்கும்.

ராட்செட் வேண்டவே வேண்டாம். அது லாரியில் இரும்பும் மரமும் கட்டுவதற்கான பொருள். நெம்புகோல் கையின் பலத்தைப் பல மடங்காக்கிவிடுவதால் எவ்வளவு இறுகியது என்பது கைக்குத் தெரியாது. பாலிஎத்திலீன் உள்ளே குழியும். ஃபைபர் கிளாஸ் என்றால் விரிசல் விடும், அந்த விரிசல் மேல்பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்து தண்ணீரில் இறங்கிய பிறகுதான் தெரியும். 25 மி.மீ. அகல பாலியஸ்டர் நாடாவும் கேம் பக்கிளும் (நாடாவைப் பல்லால் கவ்விப் பிடிக்கும் பக்கிள்) போதும். நைலான் நாடா நனைந்தால் நீளும். மழையில் இறுக்கம் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கயாக்குக்கு 3.5 மீட்டர் நாடா, கனூவுக்கு 4.5 மீட்டர், கம்பிக்கு ஒன்று வீதம் இரண்டு.

எப்படி வைப்பது என்றால், வெறும் கம்பி மேல் அடிப்பாகம் கீழே இருக்கும்படி தட்டையாக வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அந்த இடத்தில்தான் பிளாஸ்டிக் மெத்தென்று இருக்கும். ஜே வடிவத் தாங்கியில் பக்கவாட்டில் நிறுத்தினால் கயாக்கின் விலாப்பகுதி சுமையை வாங்கும், அது விறைப்பான பகுதி. தாங்கி இல்லையென்றால் கம்பிக்கு நுரைக்குழாய் சுற்றிவிட்டுக் கயாக்கைக் கவிழ்த்து வையுங்கள். மேல்தளத்தின் வளைவு கம்பியில் நன்றாக உட்காரும், மழைநீரும் உள்ளே தேங்காது. நிமிர்த்தி வைப்பதாக இருந்தால் அடிப்பாகத்தின் வடிவுக்கு ஏற்ற வி வடிவத் தாங்கி வேண்டும், உட்காரும் குழிக்கு மூடியும் வேண்டும். மூடி இல்லாவிட்டால் குழியில் தேங்கும் ஒவ்வொரு லிட்டர் மழையும் கூரையில் ஒரு கிலோ. குழியின் நடுப்பகுதி இரண்டு கம்பிகளுக்கும் மத்தியில் வர வேண்டும். உள்ளே தடுப்புச் சுவர் உள்ள கயாக் என்றால் அதற்குப் பக்கத்தில் ஸ்ட்ராப் விழும்படி முன்பின் நகர்த்திப் பாருங்கள். உங்கள் 68 செ.மீ. இடைவெளியில் இரண்டு பக்கமும் சரியாக அமையாமல் போகலாம், ஒரு பக்கம் அமைந்தாலும் லாபம்.

ஸ்ட்ராப் போடும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். பக்கிளை ஒரு பக்கம் கம்பிக்குச் சற்று மேலே நிற்க வைத்து, நாடாவைப் படகுக்கு மேலே எதிர்ப்பக்கம் கொண்டுபோங்கள். அங்கே கம்பிக்கு அடியில் சுற்றி, மறுபடியும் படகுக்கு மேலேயே இந்தப் பக்கம் கொண்டுவந்து, இங்கேயும் கம்பிக்கு அடியில் விட்டு மேலே எடுத்துப் பக்கிளில் நுழையுங்கள். படகின் மேல் இரண்டு இழை போகும். நாடா கம்பியைச் சுற்றும் இடம் படகை ஒட்டியே இருக்க வேண்டும். கம்பியின் ஓரத்துக்குத் தள்ளிக் கட்டினால் நாடா கூடாரம் போல விரிந்து நிற்கும், உள்ளே படகு இடமும் வலமும் நகரும். ஜே தாங்கியில் கட்டும்போதும் நாடா தாங்கியை மட்டும் பிடிக்காமல் கம்பியையும் சேர்த்துப் பிடிக்கட்டும். தாங்கி உடைந்தாலும் படகு கம்பியில் நிற்கும்.

பக்கிளில் நுழைக்கும் திசை முக்கியம். அடியிலிருந்து மேலே வந்து பல்லுக்கும் தட்டுக்கும் நடுவே வெளியேற வேண்டும். நாடாவை இழுத்துவிட்டு, கட்டைவிரல் பக்கிளில் படாமல் படகுப் பக்கத்து நாடாவைப் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் தவறாக நுழைத்திருக்கிறீர்கள், அல்லது பல்லில் மணல் இருக்கிறது.

எவ்வளவு இறுக்கம்? ஒரு கையால் நேராக இழுத்து, நாடாவுக்கு அடியில் பிளாஸ்டிக் லேசாக அமுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். உடம்பின் பாரத்தைப் போட்டுத் தொங்க வேண்டாம். மிஞ்சிய வாலைப் பக்கிளுக்குக் கீழே அதே நாடாவில் இரண்டு அரை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். பக்கிள் வழுக்கினாலும் முடிச்சு பிடிக்கும், வாலும் பெயின்டில் அடிக்காது.

ஒன்று விட்டுப்போனது: காற்றில் கிடக்கும் நீண்ட இழை ஒவ்வொன்றிலும் அரை முறுக்கு விடுங்கள். தட்டையான நாடா காற்றில் வீணைத் தந்தி மாதிரி அதிரும், காருக்குள் பேச முடியாத அளவுக்குச் சத்தம் வரும். முறுக்கினால் அந்த அதிர்வு நின்றுவிடும். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினாலும் அதிர்வு நாடாவையும் பக்கிளையும் தளர்த்திக்கொண்டே இருக்கும்.

நெய்தல்காற்று எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. மூக்குக் கயிறு பற்றி நான் சொல்கிறேன்.

ஸ்ட்ராப் படகைக் கம்பியோடு சேர்க்கிறது. கயிறு படகைக் காரோடு சேர்க்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. ஸ்ட்ராப் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கம்பியின் கால் கழன்றால் படகு, தாங்கி, கம்பி எல்லாம் ஒரே கட்டாகப் பறக்கும். அப்போது பின்னால் வரும் வண்டிக்கும் அந்தக் கட்டுக்கும் நடுவே இருப்பது இந்தக் கயிறு மட்டும்தான்.

உங்கள் கார் அளவிலேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பி இடைவெளி 68 செ.மீ., படகு 430 செ.மீ. ஒவ்வொரு பக்கமும் சுமார் 180 செ.மீ. வெளியே நீண்டிருக்கிறது. எதிரே ஒரு லாரி கடக்கும்போது மூக்கில் பக்கவாட்டாக 5 கிலோ தள்ளல் விழுந்தால், நெம்புகோல் கணக்கில் முன்கம்பியில் அது ஏறக்குறைய 18 கிலோ ஆகிறது. பின்கம்பியில் எதிர்த்திசையில் 13 கிலோ. நீண்ட காரில் கம்பி இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் இதே தள்ளலில் கம்பிக்கு வரும் விசை வெகுவாகக் குறையும். சிறிய கார்களுக்குக் கயிறு கூடுதல் அவசியம் என்பது இதனால்தான். வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 கி.மீ. வேகத்தில் இருப்பதைப் போல 100-இல் சுமார் 1.56 மடங்கு, 110-இல் கிட்டத்தட்ட 1.9 மடங்கு.

எதில் கட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன். பிளாஸ்டிக் பம்பர், கிரில், நம்பர் பிளேட் சட்டம் எதுவும் ஆகாது. காருக்கு அடியில் குனிந்து ஸ்டீயரிங் தண்டு, சஸ்பென்ஷன் கை, பிரேக் குழாய் பக்கம் கட்டவே கூடாது. நல்ல வழி பானெட் நாடாக் கண்ணி. பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் மட்கார்டைப் பிடித்திருக்கும் போல்ட் வரிசை தெரியும். அதில் ஒன்றைக் கழற்றி, துளைவளையம் வைத்த சிறு நாடாக் கண்ணியை அதன் அடியில் வைத்து மறுபடி முறுக்குங்கள். வேண்டும்போது கண்ணியை வெளியே எடுத்துவிட்டு பானெட்டை மூடலாம், வேண்டாதபோது உள்ளேயே மடித்துவிடலாம். பானெட் கீலின் போல்ட்டை மட்டும் தொடாதீர்கள், பானெட் கோணிவிடும். ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணி வைத்தால் மூக்கிலிருந்து இரண்டு கயிறு விரிந்து இறங்கும். பக்கக் காற்றுக்கு அந்த விரிவுதான் தாங்கும். நடுவில் ஒற்றைக் கயிறு மூக்கு மேலே எழும்புவதைத் தடுக்கும், பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்காது.

இன்னொரு இடம், வண்டி இழுப்பதற்கான திருகு வளையம். ஸ்டெப்னிக் கருவிகளோடு இருக்கும். பம்பரில் சிறு மூடியை நெம்பி எடுத்தால் அதற்கான துளை தெரியும். சில கார்களில் இந்த மரை எதிர்த்திசையில் இறுகும், பலவந்தம் செய்யாமல் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வளையம் இல்லையென்றால், ஒரு முனையில் தடித்த குழாய்த்துண்டு தைத்த நாடாக் கண்ணி ஒன்றை டிக்கிக் கதவிடுக்கில் வைத்து மூடலாம். குழாய் உள்ளே மாட்டிக்கொள்ளும், கண்ணி வெளியே நிற்கும்.

படகுப் பக்கம் எதில் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தூக்கும் கைப்பிடி இரண்டு சிறு திருகில் நிற்கும் பிளாஸ்டிக் என்றால் அதை நம்பாதீர்கள். படகின் உடம்பில் துளையிட்டுக் கோத்த கயிற்றுக் கண்ணியோ, பூட்டுப் போடும் கம்பியோ இருந்தால் அதில் கட்டுங்கள்.

கயிறு 6 மி.மீ. பாலியஸ்டர் போதும். கையில் வலிக்கிறது என்றால் 8 மி.மீ. வாங்குங்கள். நைலான் நீளும். பாலிபுரொப்பிலீன் வழுக்கும், முடிச்சு தானே அவிழும். படகுப் பக்கம் போலைன் முடிச்சு (இழுத்தாலும் சுருங்காத கண்ணி முடிச்சு). காருப் பக்கம் லாரிக்காரர்கள் தார்ப்பாய் இழுத்துக் கட்டும் அதே கட்டு: கயிற்றின் நடுவில் தானே சுருங்காத ஒரு கண்ணி போடுங்கள், எட்டு வடிவ முடிச்சில் போட்டால் சுருங்காது. கயிற்று முனையைக் கீழே காரின் கண்ணியில் நுழைத்து, மேலே அந்தக் கண்ணிக்குள் விட்டு, கீழ்நோக்கி இழுங்கள். திருப்பத்தை விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டே இரண்டு அரை முடிச்சு போடுங்கள்.

இந்தக் கட்டு கையின் பலத்தைப் பெருக்கித் தரும், ஆபத்தும் அதில்தான். மூக்குக் கயிற்றை வில்லாக இழுத்தால் படகு முன்கம்பியில் முறியப் பார்க்கும், நடுப்பகுதி வளைந்து ஸ்ட்ராப் தளரும். தொய்வு போனால் போதும். கயிற்றின் நடுவில் விரலால் அழுத்தினால் இரண்டு மூன்று செ.மீ. இறங்க வேண்டும். வரிசையும் மாறக் கூடாது: முதலில் ஸ்ட்ராப் இரண்டும், அப்புறம் மூக்கு, கடைசியில் பின்நுனி.

கயிற்றின் மிச்சத்தை ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். அவிழ்ந்த மூக்குக் கயிறு முன்சக்கரத்தில் சிக்கினால் ஒரு நொடியில் படகை பானெட் மேல் இழுத்து இறக்கிவிடும். பின்கயிறு சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போனால் உருகும். கயிறு பெயின்டில் உரசும் இடத்தில் பழைய தோட்டக்குழாய்த் துண்டு ஒன்றை நெடுக்கில் கீறிக் கயிற்றில் மாட்டிவிடுங்கள்.

கரைமேடு எழுதியது:

மூன்று மீட்டர் குட்டைக் கயாக், கம்பி இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல், ஊருக்குள் மெதுவான ஓட்டம். இந்த மூன்றும் சேர்ந்தால் கயிறு இல்லாமலே போகலாம் என்பது என் கருத்து. முன்கயிறு கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டு பார்வையை மறைக்கிறது, முன் சென்சார்களையும் குழப்புகிறது.

நெய்தல்காற்று எழுதியது:

கரைமேடு சொல்லும் நிலைமையில் நெம்புகோல் விசை குறைவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கம்பியின் கால் கழல்வதற்கும் படகின் நீளத்துக்கும் சம்பந்தம் இல்லை. பல படகுத் தாங்கிகளின் கையேட்டிலேயே முன்பின் கயிறு கட்டாயம் என்று போட்டிருக்கும், அதை விட்டுவிட்டால் தாங்கியின் உத்தரவாதமும் போகும். சென்சார் விஷயம் சரி: கயிறு அதன் முன்னால் போனால் விடாமல் கத்தும். கண்ணியைச் சற்று வெளிப்புறமாக வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கு மட்டும் சென்சாரை அணையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தானே பிரேக் போடும் கார்களில் படகின் மூக்கு கேமராவின் பார்வைக்குள் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்தால் கூரைச் சுமை பற்றிக் கையேடு சொல்வதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டு கயிறும் விரிந்து இறங்கினால் நடுப் பார்வை மறையாது. ஓட்டும்போது மூக்கும் கயிறும் கண்ணில் படுவது நல்லதுதான். பின்னால் ஸ்ட்ராப் தளர்ந்தாலும் மூக்கு இடம் மாறுவது முதலில் தெரிந்துவிடும்.

அலைவாய் கேட்டது:

மிக்க நன்றி. இரண்டு படகையும் சேர்த்து ஏற்றும் எண்ணத்தைக் கைவிட்டாயிற்று. இன்னும் மூன்று கேள்வி. கனூவுக்கும் இதே முறையா? ஆள் துணை இல்லாத நாளில் 32 கிலோவைத் தனியாக ஏற்ற முடியுமா? பின்கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருக்கிறது. மூன்றாவது, கயாக்கின் அடியில் ஏற்கெனவே இரண்டு குழி விழுந்திருக்கிறது. சரியாகுமா?

வள்ளக்கடவு எழுதியது:

கனூவைக் கவிழ்த்து, இரண்டு விளிம்பும் கம்பியில் உட்காரும்படி வைக்க வேண்டும். கம்பிக்கு நுரை சுற்றினால் உரசாது, ஆனால் பக்கவாட்டில் நழுவும். விளிம்புக் கட்டைகள் நான்கு வாங்கிக் கம்பியில் பூட்டுங்கள். கனூவின் விளிம்பு அதன் உள்பக்க முனையில் முட்டி நிற்கும். அதன் பிறகு ஸ்ட்ராப் கீழே அழுத்தினால் போதும், பக்கவாட்டு வேலையைக் கட்டை பார்த்துக்கொள்ளும். கனூவின் அகலம் முன்னும் பின்னும் குறைந்துகொண்டே போவதால் படகை அதன் இடத்தில் வைத்த பிறகு கட்டையை நெருக்கி இறுக்குங்கள், முன்கூட்டியே அளந்து வைத்தால் பொருந்தாது.

கயாக்கைவிடக் கனூவுக்கு மூக்குக் கயிறு முக்கியம். கவிழ்த்த கனூ என்பது அடிப்பக்கம் திறந்த ஒரு கூடு. பானெட்டில் மோதி மேலே எழும் காற்று நேராக அந்தக் கூட்டுக்குள் போய் மூக்கைத் தூக்கும். இதில் கயிறு இல்லாமல் நெடுஞ்சாலைக்குப் போவதற்கு எந்த விதிவிலக்கும் கிடையாது.

நெய்தல்காற்று விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்ட்ராப் படகைக் கீழே அழுத்துகிறது, முன்னும் பின்னும் நழுவுவதை உராய்வு மட்டும்தான் தடுக்கிறது. 32 கிலோ கனூ, பலமாக பிரேக் போடும்போது முன்னோக்கி 25 கிலோ அளவு விசையோடு கிளம்பும். ஈரமான விளிம்பு, ஈரமான கம்பி என்றால் நழுவும். நுனி குறுகலாக இருப்பதால் கொஞ்சம் நகர்ந்தாலே ஸ்ட்ராப்பின் இறுக்கமும் போய்விடும். கனூவின் குறுக்குச் சட்டத்திலிருந்து ஒரு கயிற்றைப் பின்கம்பிக்கும், இன்னொன்றை முன்கம்பிக்கும், எதிரெதிர்த் திசையில் கட்டிவிட்டால் அது எங்கும் போகாது. இரண்டு மீட்டர் கயிறு, ஐந்து நிமிட வேலை. கனூவுக்குள் துடுப்பு, இருக்கைத் திண்டு எதையும் செருகி வைக்காதீர்கள்.

தனியாக ஏற்றுவது: ஸ்பாய்லர் இருப்பதால் பின்பக்கமிருந்து தள்ளி ஏற்ற வேண்டாம், அது உடையும். பக்கவாட்டிலிருந்து ஏற்றுங்கள். கனூவைக் காருக்கு இணையாக, ஓரமாகக் கவிழ்த்துப் போடுங்கள். முதலில் மூக்கை மட்டும் தூக்கி முன்கம்பியின் நுனியில் சாய்த்து வையுங்கள், நுனியில் ஒரு நுரைத்துண்டு இருக்கட்டும். இப்போது பின்நுனி தரையில் ஊன்றி நிற்கும், படகு தானே நிற்கும், நீங்கள் மூச்சு வாங்கலாம். பிறகு பின்நுனிக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு அரைவட்டமாக நடந்து பின்கம்பியில் இறக்குங்கள். ஒரே நேரத்தில் நீங்கள் தூக்குவது பாதி எடைதான். காற்று பலமாக இருந்தால் கார் காற்றுக்குக் குறுக்கே நிற்கும்படி நிறுத்தி, காற்று படகைக் காரின் பக்கம் தள்ளும் திசையிலிருந்து ஏற்றுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் படகு உங்கள் மேல் சாயும். பாதி ஏற்றிய நிலையில் விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள், முதல் ஸ்ட்ராப்பைத் தளர்வாகவாவது போட்டுவிட்டு நகருங்கள்.

குழி விஷயம்: பாலிஎத்திலீனுக்குப் பழைய வடிவத்தின் நினைவு உண்டு. ஸ்ட்ராப் எதுவும் இல்லாமல் குழி மேலே இருக்கும்படி வெயிலில் சில மணி நேரம் போடுங்கள், பெரும்பாலான குழி தானே எழும்பும். எழும்பாவிட்டால் கொதிக்காத வெந்நீர் ஊற்றி, உள்ளேயிருந்து கையால் தள்ளி, குளிரும்வரை முட்டுக்கொடுங்கள். தீ, ஹீட்கன் இரண்டும் வேண்டாம். இனி குழி விழாமல் இருக்க வேண்டுமானால், வெயிலில் கார் மணிக்கணக்கில் நிற்கும்போது ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள். சூடேறிய பிளாஸ்டிக்கில் இறுகிய நாடாதான் பல குழிகளுக்குக் காரணம். தளர்த்தியதும் ஸ்டீயரிங்கில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், மறந்து கிளம்ப முடியாது.

புதுத்துடுப்பு கேட்டது:

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். என் காரில் குறுக்குக் கம்பியே இல்லை. நுரைக்கட்டை வைத்துக் கட்டலாமா?

துடுப்புக்கட்டை எழுதியது:

குறைந்த தூரம், குறைந்த வேகம், ஒரே ஒரு இலகுவான படகு என்றால் செய்யலாம். நெடுஞ்சாலைக்கு வேண்டாம். கண்ணாடிக் கூரை என்றால் அறவே வேண்டாம்.

கூரையைத் துடைத்துக் காயவையுங்கள், அடியில் மணல் இருந்தால் பெயின்ட் போகும். கட்டைகளைக் கூரையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் பக்கத்தில் வையுங்கள். கூரைக்கு அங்கேதான் பலம், நடுவில் வைத்தால் தகடு குழியும். ஸ்ட்ராப்பைக் கதவுகளைத் திறந்து காருக்குள் விட்டுச் சுற்றிக் கட்ட வேண்டும். ஜன்னல் வழியாக விட்டால் பிறகு கதவைத் திறக்கவே முடியாது, அவசரத்தில் அது உயிருக்கு ஆபத்து. பக்கிள் கூரைத் தகட்டில் படாமல் படகின் ஓரத்தில் நிற்கட்டும். சீட் பெல்ட் நாடாவுக்குக் குறுக்கே ஸ்ட்ராப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் நாடா வழியே உள்ளே ஒழுகும். கதவுக்கு உள்ளே நாடாவில் ஒரு சிறு நூலைக் கட்டி அதன் முனையைக் கீழே விட்டால் சொட்டு இருக்கையில் விழாமல் நூல் வழியே இறங்கும்.

இந்த முறையில் கட்டைக்குக் கூரையில் எந்தப் பிடிப்பும் இல்லை, வெறும் உராய்வு. அதனால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு கயிறு கட்டாயம். கரைமேடு சொன்ன விதிவிலக்கு இங்கே பொருந்தாது.

கரைமேடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். கம்பி இல்லாதபோது கயிறுதான் பாதிக் கட்டு.

கிளம்பிய பிறகு செய்ய வேண்டியதை யாரும் இன்னும் சொல்லவில்லை. முதல் பத்து கி.மீ.-க்குள் ஒரு முறை நிறுத்துங்கள். படகு அதிர்ந்து அதிர்ந்து தாங்கியில் சரியாக உட்காரும், அப்போது எல்லா ஸ்ட்ராப்பும் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அது இயல்பு. மறுபடி இழுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். படகோடு சேர்ந்து கார் ஆடினால் சரி. மழை தொடங்கினாலும் நின்றாலும் ஒரு முறை பார்க்க வேண்டும். பின்நுனி காரைத் தாண்டி நீண்டால் சிவப்புத் துணி கட்டுங்கள். எவ்வளவு நீளலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும், உங்கள் சாலை விதியைப் பாருங்கள். படகோடு சேர்த்து மொத்த உயரத்தை அளந்து டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள், வண்டி நிறுத்துமிடத்தின் உயரத் தடுப்புக்கு முன்னால் கணக்குப் போட நேரம் இருக்காது.

நாடாவின் நிறம் வெளுத்து விளிம்பு பஞ்சாகப் பிரிந்தால் மாற்றிவிடுங்கள். வெயில் அதைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அலைவாய் கேட்டது:

கடைசியாக ஒன்று. பானெட் கண்ணியை வைத்துப் பார்த்தேன். கயாக்கின் மூக்கு கண்ணியைத் தாண்டி 40 செ.மீ. முன்னால் நீள்கிறது. அதனால் முன்கயிறு பின்னோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. பின்பக்கமும் அப்படியே, கயிறு முன்னோக்கிச் சாய்கிறது. இது தவறா?

நெய்தல்காற்று எழுதியது:

தவறு இல்லை. இரண்டு கயிறும் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்கள் முன்கயிறு படகு முன்னால் நழுவுவதைத் தடுக்கும், பின்கயிறு பின்னால் நழுவுவதைத் தடுக்கும். இரண்டும் ஒரே திசையில் சாய்ந்தால்தான் ஒரு பக்கம் காவல் இல்லாமல் போகும். இரண்டும் செங்குத்தாக இறங்கினாலும் படகு கொஞ்சம் நழுவிய பிறகுதான் அவை பிடிக்கும், அப்போது குறுக்குச் சட்டக் கயிறு மாதிரி வேறு ஏதாவது சேர்க்க வேண்டும். உங்கள் முன்கயிறு பின்னோக்கிச் சாய்வதால் ஹெட்லைட் மூடியில் உரச வாய்ப்பு உண்டு. பானெட்டை மூடிக் கயிற்றை இறுக்கிய பிறகு அந்த இடத்தில் ஒரு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் கண்ணியை ஒரு போல்ட் பின்னால் மாற்றுங்கள்.